ஓர் உறையில் இரண்டு கத்தி

64-பிட் லினக்ஸ் கணினியில் பழைய 32-பிட் மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்த்தவர்கள் ஒரு விசித்திரமான பதிலைச் சந்தித்திருப்பார்கள். கோப்பு கண்ணெதிரே இருக்கும். பட்டியலிட்டால் அதன் பெயர் வரும், அளவு வரும், இயக்குவதற்கான அனுமதியும் இருக்கும். ஆனால் பெயரைத் தட்டி என்டர் அழுத்தினால் 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை' என்று கணினி சொல்லும். இருப்பதை இல்லையென்று சாதிக்கும் கணினியோடு என்ன வழக்காடுவது?

கணினி பொய் சொல்லவில்லை. அது தேடியது வேறொன்றை. எந்த மென்பொருளும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு வருவதில்லை. திரையில் எழுத்தை வரைவது, படத்தைத் திறப்பது, ஒலியை எழுப்புவது போன்ற பொது வேலைகளுக்கான நிரல்தொகுப்புகள் கணினியில் ஓரிடத்தில் இருக்கும். அவற்றை லைப்ரரி என்பார்கள். பல மென்பொருள்கள் ஒரே லைப்ரரியை இரவல் வாங்கிக்கொள்ளும். மென்பொருள் புறப்படும்போது அதற்குரிய லைப்ரரிகளைத் தேடி எடுத்து இணைத்துக் கொடுப்பதற்கு 'ஏற்றி' என்ற சிறு நிரல் ஒன்று உண்டு. அந்த ஏற்றியின் முழு முகவரியும் ஒவ்வொரு மென்பொருளின் உடலுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும். 32-பிட் மென்பொருளுக்குள் 32-பிட் ஏற்றியின் முகவரி இருக்கும். அந்த முகவரியில் யாரும் இல்லாதபோதுதான் கணினி 'இல்லை' என்கிறது. நாம் கூப்பிட்டவர் வாசலில்தான் நிற்கிறார். அவர் தேடி வந்தவர் அந்த வீட்டில் இல்லை.

32-பிட் மென்பொருளுக்கு 64-பிட் லைப்ரரி உதவாது. நினைவகத்தின் முகவரியை ஒன்று 32 இலக்கங்களில் எழுதுகிறது, மற்றது 64 இலக்கங்களில். ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது. ஆகவே இரண்டு வகை மென்பொருளும் ஒரே கணினியில் ஓடவேண்டுமென்றால், ஒவ்வொரு லைப்ரரியும் இரண்டு பிரதிகளாக, ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்கவேண்டும். 'ஓர் உறையில் இரண்டு கத்தி' என்ற பழமொழியை நடக்காத காரியத்துக்குச் சொல்வோம். லினக்ஸ் உலகம் அந்த உறையைத் தைத்து முடிக்கப் பத்து ஆண்டுகள் எடுத்தது. தைத்தவர்களில் பெரும்பாலானோரின் பெயர் வெளியில் தெரியாது.

இந்தக் கதையை டெபியன் என்ற அமைப்பின் வழியாகச் சொல்வது எளிது. 1993 ஆகஸ்டில், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டொக் அதைத் தொடங்கினார். தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். லினக்ஸின் கருநிரல் ஓரிடத்தில், கருவிகள் வேறிடத்தில், லைப்ரரிகள் இன்னோரிடத்தில் என்று சிதறிக் கிடந்தவற்றைச் சேர்த்து, சோதித்து, பொதிகளாகக் கட்டிக் கொடுப்பதே நோக்கம். ஒவ்வொரு பொதியின் மேலும் ஒரு சீட்டு இருக்கும். பெயர், பதிப்பு, இது இயங்க வேறு எந்தப் பொதிகள் தேவை என்ற விபரம் எல்லாம் அதில் இருக்கும். வேலை செய்தவர்கள் பல நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள்.

இந்தச் சீட்டில் இன்னொரு வரியும் இருந்தது: எந்தக் கட்டமைப்புக்கு? 1998இல் வந்த டெபியன் 2.0 இரண்டு கட்டமைப்புகளுக்கு வெளியானது. ஒன்று இன்டெல் வழிவந்த ஐ386. மற்றது பழைய மக்கின்ரோஷ், அமிகா, அட்டாரி கணினிகளுக்குள் இருந்த மோட்டரோலா 68000 குடும்பம். 1999இல் ஆல்ஃபாவும் ஸ்பார்க்கும் சேர்ந்தன. 2000இல் பவர்பிசியும் ஆர்மும். 2002 ஜூலையில் டெபியன் 3.0 வந்தபோது எண்ணிக்கை 11. ஒரே மூலநிரலைப் பதினொரு விதமான இயந்திரங்களில் தனித்தனியாகக் கட்டி, பதினொரு விதமான பொதிகளாக வெளியிட்டார்கள். விற்பனைக்கு நிற்கும் எந்த நிறுவனமும் அப்படிச் செய்யாது. கைவிடப்பட்ட இயந்திரங்களுக்கு ஓர் அடைக்கலம் அங்கே கிடைத்தது.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. ஒரு கணினிக்கு ஒரு கட்டமைப்புத்தான். ஆல்ஃபா வைத்திருப்பவர் ஆல்ஃபா பொதிகளை மட்டும் நிறுவுவார். லைப்ரரிகள் எல்லாக் கணினியிலும் 'லிப்' என்ற ஒரே பெயருள்ள அடைவில் இருக்கும். ஒரு வீட்டில் ஒரே குடும்பம் இருக்கும்வரை சமையலறைக்குப் பெயர் எழுதி ஒட்டவேண்டியதில்லை.

2003 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் ஆப்டெரான் என்ற சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இன்டெல் தன் 64-பிட் பாதையாக ஐட்டேனியத்தை அறிவித்திருந்தது. அது பழைய உலகத்தை விட்டு விலகிப் புதிதாகத் தொடங்கச் சொன்னது. ஏஎம்டி வேறு வழியில் போனது. பழைய 32-பிட் மென்பொருள் அப்படியே ஓடட்டும், அதோடு 64-பிட்டும் ஓடட்டும் என்றது. மக்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பது இன்று நம் மேசைகளில் இருக்கும் கணினிகளைப் பார்த்தாலே தெரியும்.

மூலநிரல் கையில் இருக்கும் மென்பொருளை 64-பிட்டுக்கு மறுபடி கட்டிக்கொள்ளலாம். மூலநிரல் இல்லாததை என்ன செய்வது? 2000களின் நடுவில் உலாவிகளுக்கான ஃபிளாஷ் 32-பிட்டில் மட்டுமே கிடைத்தது. வணிக விளையாட்டுகள், அச்சுப்பொறி இயக்கிகள், மூடிப்போன நிறுவனங்கள் விட்டுச்சென்ற கணக்கு மென்பொருள்கள் எல்லாம் அப்படித்தான். அவற்றைத் திருத்தி எழுத யாரும் இல்லை. அவை உயிரோடிருக்க வேண்டுமென்றால் அவற்றின் பழைய லைப்ரரிகளும் கூடவே இருக்கவேண்டும்.

ரெட்ஹாட், சூசே போன்ற விநியோகங்கள் நேரடியான ஒரு வழியைக் கண்டன. 32-பிட் லைப்ரரிகள் 'லிப்' அடைவிலேயே இருக்கட்டும், புதிய 64-பிட் லைப்ரரிகளுக்கு 'லிப்64' என்று பக்கத்தில் இன்னோர் அடைவு. 2004இல் வந்த கோப்பு அடுக்கு நெறிமுறையின் 2.3ஆம் பதிப்பும் இதையே எழுதிவைத்தது. இந்த வழி வேலை செய்தது, இன்றும் வேலை செய்கிறது. இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு அறை போதும் என்பவர்களுக்கு இதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை வேறோரிடத்தில் இருந்தது. இந்த ஏற்பாட்டில் ஒருவர் அடைமொழி இல்லாமல் இருக்கிறார், மற்றவர் அடைமொழியைச் சுமக்கிறார். மூன்றாவது ஒருவர் வந்தால் அவருக்கு என்ன பெயர்? ஆர்ம் சிப்பும் 32-பிட்தான், இன்டெல்லின் பழைய சிப்பும் 32-பிட்தான். எண்ணை மட்டும் வைத்து இருவரையும் பிரித்தறிய முடியாது. ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறொரு கட்டமைப்புக்கான மென்பொருளைக் கட்டுபவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல்.

டெபியன் 64-பிட் லைப்ரரிகளை 'லிப்' அடைவிலேயே வைத்தது. 32-பிட்டுக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தது. 'ஐஏ32-லிப்ஸ்' என்ற ஒரே பொதி. ஏற்கெனவே கட்டி முடித்த 32-பிட் லைப்ரரிகள் பலவற்றை எடுத்து, ஒரு மூட்டையாக்கி, 64-பிட் பொதி என்று சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். ஊருக்குப் போகிறவர் கையில் எல்லோரும் கொடுத்துவிடும் பெட்டி மாதிரி அது வீங்கிக்கொண்டே போனது. படம் திறக்கும் லைப்ரரி ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்துத் திருத்தினால், திருத்தம் உரிய பொதிக்குப் போய்ச் சேரும். மூட்டைக்குள் இருக்கும் பிரதி பழையபடியே கிடக்கும், யாராவது முழு மூட்டையையும் அவிழ்த்து மறுபடி கட்டும்வரை. பயனருக்குத் தன் கணினி திருத்தப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கை இருக்கும். அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை.

இதற்கிடையில் பதினொரு கட்டமைப்புகளின் சுமை டெபியனை அழுத்தத் தொடங்கியிருந்தது. ஒரு சிறு இயந்திரத்தில் ஒரு பொதி கட்டப்படாமல் நின்றால் எல்லோருடைய வெளியீடும் காத்திருக்கவேண்டும். 2005 மார்ச்சில் வான்கூவரில் கூடிய வெளியீட்டுக் குழுவினர், இனி நான்கு கட்டமைப்புகளை மட்டும் முறையாக வெளியிடலாம் என்று முன்மொழிந்தார்கள். அறிவிப்பை எழுதியவர் ஸ்டீவ் லங்கசெக். எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. கைவிடப்பட்ட இயந்திரங்களைக் காப்பதுதான் டெபியன் என்று நம்பி வந்தவர்களுக்கு அது துரோகமாகப் பட்டது. முடிவில் எண்ணிக்கையைக் கைவிட்டுத் தகுதிகளை வகுத்தார்கள். ஒரு கட்டமைப்பு உள்ளே இருக்கவேண்டுமென்றால் அதைப் பராமரிக்க ஆட்கள் வேண்டும், பொதிகளைக் கட்டி முடிக்கும் வேகமுள்ள இயந்திரங்கள் வேண்டும். 2007 ஏப்ரலில் டெபியன் 4.0 வந்தபோது, 1998இல் முதலில் சேர்ந்த மோட்டரோலா 68000 அதில் இல்லை. ஏஎம்டி64 அதிகாரபூர்வமாக உள்ளே வந்திருந்தது.

அதே 2004, 2005 காலத்தில் நோர்வேயைச் சேர்ந்த டொலெஃப் ஃபோக் ஹீன் உள்ளிட்ட சிலர் வேறொரு யோசனையை எழுதிக்கொண்டிருந்தார்கள். எவருக்கும் அடைமொழியில்லாத இடம் வேண்டாம். ஒவ்வொரு கட்டமைப்புக்கும் அதன் முழுப் பெயரில் ஓர் அடைவு இருக்கட்டும். நிரல் கட்டும் கருவிகள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த பெயர்முறை ஒன்று இருந்தது: சிப்பின் பெயர், கருநிரலின் பெயர், அடிப்படை லைப்ரரியின் பெயர். 'லிப்' அடைவுக்குள் 'எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு' ஒருபுறம், 'ஐ386-லினக்ஸ்-ஜிஎன்யு' இன்னொருபுறம். நாளைக்கு ஆர்ம் வந்தால் அதற்கும் ஓர் அடைவு. இரண்டுக்கு மட்டும் என்ற எல்லை போய்விட்டது. இதற்கு மல்டிஆர்ச் என்று பெயர்.

பெயர் வைப்பது எளிது. கடினமானது அதன் பின்னால் இருந்தது. பொதிகள் எதற்கு எது தேவை என்று சொல்லும் முறையையே மாற்றவேண்டியிருந்தது. ஒரு 32-பிட் விளையாட்டு ஒலி லைப்ரரி வேண்டுமென்றால் அது 32-பிட் ஒலி லைப்ரரியாகத்தான் இருக்கவேண்டும். அதே விளையாட்டு கோப்பை அவிழ்த்துத் தரும் கருவியொன்றைக் கேட்டால், அந்தக் கருவி எந்தக் கட்டமைப்பைச் சேர்ந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, அவிழ்த்த கோப்பு ஒன்றுதான். இரண்டு குடும்பம் வாழும் வீட்டில் அடுப்பு வேறுவேறு, கிணறு பொது என்பதுபோல. எது அடுப்பு, எது கிணறு என்று ஒவ்வொரு பொதியையும் அதன் பராமரிப்பாளர் திறந்து பார்த்துச் சீட்டில் எழுதவேண்டும். ஆயிரக்கணக்கான பொதிகள். தவறாக எழுதினால் யாரோ ஒருவருடைய கணினி எங்கோ உடையும்.

உபுண்டுவுக்காக இந்தத் திட்டத்தை வரையறுத்து முன்னின்று நடத்தியவர் ஸ்டீவ் லங்கசெக். ஆறு ஆண்டுகளுக்கு முன் கட்டமைப்புகளைக் குறைக்கச் சொல்லி அறிவிப்பு எழுதிய அதே ஆள். ஒவ்வொரு கட்டமைப்பின் விலையும் என்ன என்று கணக்குப் பார்த்தவர்தான் அவற்றைச் சேர்ந்து வாழவைக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டார். 2011 ஏப்ரலில் உபுண்டு 11.04 மல்டிஆர்ச்சின் முதல் வடிவத்தோடு வந்தது. டெபியனின் பொதி நிறுவும் நிரலில் அது 2012இல் சேர்ந்தது.

அப்போது எழுந்த ஒரு சிக்கல் இந்த வேலையின் இயல்பைக் காட்டும். ஒரே லைப்ரரியின் 32-பிட், 64-பிட் பொதிகள் இரண்டும் ஒரே உதவிக்குறிப்புக் கோப்பை ஒரே இடத்தில் வைக்க விரும்பும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் பகிர்ந்துகொள்ளலாம் என்பது விதி. உதவிக்குறிப்பின் வாசகம் ஒன்றேதான். ஆனால் அதைச் சுருக்கும் நிரல் வெவ்வேறு இயந்திரங்களில் சிலசமயம் வெவ்வேறு பைட்டுகளைத் தந்தது. வாசகத்தில் மாற்றமில்லாத ஒரு கோப்புக்காக இரண்டு பொதிகளும் சேர்ந்து நிறுவப்பட மறுத்தன. யாரும் வாசிக்காத ஒரு கோப்பைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடந்தன. சேர்ந்து வாழ்வதைப் பற்றிய பெரிய சச்சரவுகள் எல்லாமே இப்படிச் சின்னப் பொருளில்தான் வந்து முட்டுகின்றன போலும்.

2013 மே மாதம் டெபியன் 7 மல்டிஆர்ச்சோடு வெளியானது. 'ஐஏ32-லிப்ஸ்' மூட்டை வெறும் வழிகாட்டிச் சீட்டாகச் சுருங்கியது. பயனர் ஒரே ஒரு கட்டளையில் 'ஐ386ஐயும் ஏற்றுக்கொள்' என்று கணினிக்குச் சொன்னால் போதும். அதன்பின் 32-பிட் லைப்ரரிகள் தங்கள் சொந்தப் பெயரில், சொந்தப் பொதியாக, சொந்தப் பாதுகாப்புத் திருத்தங்களோடு வந்து சேர்ந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உண்மையான 386 சிப்பில் டெபியன் ஓடுவது அதற்கு முன்பே நின்றுவிட்டது. ஆனாலும் அடைவுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. ஊரை விட்டு வந்த பிறகும் வீட்டுப் பெயரில் ஊர் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

முழுப் பெயரும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 2012 பெப்ரவரியில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்ற மலிவான சிறு கணினியில் ஆர்ம் சிப்பின் ஆறாம் தலைமுறை இருந்தது. தசமக் கணக்கை வன்பொருளிலேயே போடும் ஆர்ம் கணினிகளுக்கென்று டெபியன் கட்டிய பொதிகள் ஏழாம் தலைமுறையை எதிர்பார்த்தன. மைக் தொம்ப்சன், பீட்டர் கிரீன் இருவரும் முன்னின்று, ஆயிரக்கணக்கான பொதிகளை ஆறாம் தலைமுறைக்கென மறுபடி கட்டி ராஸ்பியன் என்று வெளியிட்டார்கள். பிள்ளைகள் நிரல் எழுதப் பழகிய அந்தக் குட்டிக் கணினிகளில் ஓடியது அதுதான். ஆனால் டெபியனுடையதற்கும் ராஸ்பியனுடையதற்கும் கட்டமைப்புப் பெயர் ஒன்றே. தெரியாமல் டெபியனின் பொதியை எடுத்து முதல் ராஸ்பெரி பையில் நிறுவினால், 'புரியாத கட்டளை' என்று மென்பொருள் நடுவழியில் செத்துவிழும். ஒரே பெயருக்குள்ளும் வேற்றுமை இருக்கலாம்.

2019 ஜூனில் உபுண்டு தன் அடுத்த வெளியீட்டிலிருந்து ஐ386 பொதிகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அறிவிப்பை வெளியிட்டவர் மறுபடியும் லங்கசெக். 32-பிட் மட்டும் அறிந்த கணினிகள் அருகிவிட்டன, சோதிக்க ஆளில்லை, சோதிக்காத பொதியைக் கொடுப்பது நேர்மையில்லை என்பது வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் விளையாட்டுத் தளமான ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமும், விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டத்தினரும், 32-பிட் லைப்ரரிகள் இல்லாவிட்டால் தங்களிடம் இருப்பவற்றில் பெரும்பகுதி ஓடாது என்றார்கள். ஒரு வாரத்துக்குள் முடிவு மாறியது. தேவையான 32-பிட் லைப்ரரிகளைத் தெரிந்தெடுத்துத் தொடர்ந்து கட்டித் தருவோம் என்றது உபுண்டு. 32-பிட் கணினிகள் போய்விட்டன, 32-பிட் மென்பொருள் போகவில்லை என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது. இயந்திரம் இறந்தபின்னும் அதன் மொழியில் எழுதப்பட்டவை மிஞ்சியிருக்கின்றன.

கடைசி அத்தியாயம் கடிகாரம் பற்றியது. பழைய 32-பிட் லினக்ஸ் மென்பொருள்கள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை 2,147,483,647ஐத் தாண்ட முடியாது. உலக நேரப்படி 2038 ஜனவரி 19, அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 விநாடியில் அந்த எல்லை வரும். அடுத்த விநாடி கடிகாரம் 1901க்குப் போய்விடும். 2024இல் டெபியனும் உபுண்டுவும் 32-பிட் ஆர்ம் பொதிகளில் நேரத்தை 64 இலக்கங்களுக்கு மாற்றின. நேரத்தைக் கையாளும் நூற்றுக்கணக்கான லைப்ரரிகளும் அவற்றை நம்பியிருந்த எல்லாமும் ஒரே அலையில் மறுபடி கட்டப்பட்டன. அந்தப் பெயர்ச்சியை முன்னின்று நடத்தியவர்களில் முதன்மையானவர் லங்கசெக். 2025இன் தொடக்கத்தில் அவர் காலமானார்.

ஐ386இன் கடிகாரத்தை மட்டும் அவர்கள் தொடவில்லை. மறதியால் அல்ல. இன்று ஐ386 இருப்பதே பழைய மென்பொருள்களுக்காக. அவற்றின் உடலுக்குள் 32-பிட் நேரம் எழுதப்பட்டிருக்கிறது. லைப்ரரியின் கடிகாரத்தை மாற்றினால் அவை அன்றைக்கே உடைந்துபோகும். மாற்றாவிட்டால் 2038 வரை ஓடும். கிழவருடைய கைக்கடிகாரத்தைத் திருத்தாமல் விட்டார்கள்.

2025 ஆகஸ்ட் 9இல் டெபியன் 13 வெளியானபோது ஐ386க்கான நிறுவியும் இல்லை, கருநிரலும் இல்லை. அந்தக் கட்டமைப்பு இனித் தனியாக ஒரு கணினியை ஆள முடியாது. ஆனால் 64-பிட் கணினிக்குள், தன் முழுப் பெயரெழுதிய அடைவில், அதன் லைப்ரரிகள் இன்னும் இருக்கின்றன. ஒரு காலத்தில் 'லிப்' என்ற வீடே அதனுடையது. இப்போது அதே வீட்டில் ஓர் அறை. அந்த அறையைக் கட்டிவைத்ததால்தான், பழைய மென்பொருளின் பெயரைத் தட்டி என்டர் அழுத்துகிறவருக்கு 'இல்லை' என்ற பதில் வராமலிருக்கிறது.